இரண்டு மூங்கிலில் ஒரு பஞ்சுப் போர்வை

பொம்மிடிச் சந்தைத் தெருவில் மாதையன் அண்ணனின் தையற்கடை. நான்கு முழ அகலம். அதில் பாதி மிஷினுக்குப் போய்விடும். எட்டாவது பாஸான கையோடு அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். எதையும் முதல் ஆளாக முடித்துக் காட்டவேண்டும் எனக்கு.

புதுத் துணி ரேஷனில் மட்டும் கிடைத்த கட்டுப்பாட்டுக் காலம். ஒரு சந்தை நாளில் வத்தல்மலையிலிருந்து பொன்னம்மா வந்தார். கையில் இரண்டு பழைய சேலை, ஒரு மூட்டை இலவம்பஞ்சு.

"மவ பெத்து ஒம்பது நாளாச்சுங்க. மலையில குளிரு தாங்கல, பச்சப்புள்ள வெறைச்சுப் போவுது. பஞ்சு நகராம புடிச்சு மட்டும் குடுங்க. நெருக்கத் தையல வூட்ல போட்டுக்கறோம். பொழுது சாயறதுக்குள்ள எங்க சனம் மலையேறிடும். அவுங்கள வுட்டா காட்டுல தனியாப் போவ முடியாது."

அவர் கேட்டது கச்சாத் தையல். மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்து நீள நீளமாக நூலோட்டிப் பிடிப்பது. கடைக்குள் விரிக்க இடமில்லை. தெருவில் விரித்தால் பஞ்சு காற்றோடு போய்விடும்.

"சுருட்டிக்கிட்டாப் போச்சுண்ணா!" என்றேன். முழம் முழமாக மூன்றையும் அடுக்கி ஒரே மூங்கிலில் சுருட்டினேன். பிறகு அவிழ்த்துக்கொண்டே வேகமாக நூலோட்டினேன். பாதிக்கு மேல் போனதும் திருப்பிப் பார்த்தால் அடித்துணி முழுக்கச் சுருக்கம்.

பொன்னம்மா எட்டிப் பார்த்தார். "ஏன்ப்பா, போர்வை கேட்டா பலாப்பழம் செஞ்சு வெச்சிருக்கற?"

"எட்டாவது பாஸுங்க ஆத்தா, அப்படித்தான் செய்வான்" என்றார் அண்ணன்.

சுருளில் வெளியே இருக்கும் துணி உள்ளே இருப்பதைவிட அதிக தூரம் சுற்றுகிறது; அவிழ்த்ததும் அந்த மிச்ச நீளம்தான் சுருக்கமாகிறது. வட்டத்தின் சுற்றளவைப் பரீட்சையில் சரியாகப் போட்டவன் நான்; மூங்கிலில் மறந்துவிட்டேன்.

"பிரிச்சிடறேண்ணா."

"நேரம் இருக்குதாடா?"

"இப்படியே குடுத்தா பஞ்சு கட்டி கட்டியா ஒதுங்கிடும்ண்ணா."

மளமளவென்று பிரித்தேன். இந்த முறை அடித்துணி ஒரு மூங்கிலில், மேல்துணி இன்னொன்றில். இரண்டிலும் ஒரு முழம் அவிழ்த்து, நடுவே பஞ்சைப் பரப்பி, நீவி, நூலோட்டி, முடிந்ததை ஓரமாகத் தள்ளினோம். அண்ணன் மூங்கில்களைப் பிடித்தார். பொன்னம்மாவும் ஒரு ஊசியை வாங்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிட்டார்.

இன்னும் ஒரு முழம் பாக்கி இருக்கும்போது தெருவிலிருந்து ஒரு பெண்குரல்: "பொன்னு, வர்றியா, கடையிலயே குடியிருக்கப் போறியா?"

"வந்துட்டேன் அண்ணி, கத்தாத!" என்றவர் தலை நிமிரவே இல்லை.

கடைசி முடிச்சைப் போட்டு நூலைப் பல்லால் கடித்தார். போர்வையை ஒரு முனையில் தூக்கி உதறிப் பார்த்தார். பஞ்சு நகரவில்லை. சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய்த் தன் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களே, இடம் போதாவிட்டால் இரண்டு துணியையும் தனித்தனியாகச் சுருட்டுங்கள். தப்பாகப் போனால் தயங்காமல் பிரியுங்கள். நான் பீற்றிக்கொண்ட கைவேகம் அன்று உருப்படியாகப் பயன்பட்டது பிரிப்பதற்குத்தான்.