பதின்மூன்று சென்டிமீட்டர் மேற்கே

நீங்கள் நம்பப்போவதில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. போன வருஷம் யாராவது இதை என்னிடம் சொல்லியிருந்தால், கொடுத்த காபியைக் குடித்துவிட்டு நானும் எழுந்து போயிருப்பேன். பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் இருபத்தேழு வருஷமாக ஆய்வக உதவியாளனாக இருக்கிறேன். முனி, காத்துக்கருப்பு எதையும் அளக்க முடியாது, ஆகவே அவை கிடையாது என்பதுதான் என் கட்சி. தினமும் டைரி எழுதுகிறவன். இதில் வரும் நேரமும் அளவும் டைரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியவை.

அருங்காட்சியகத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். ஊருக்கு வெளியே, வறண்ட கண்மாயை ஒட்டிய பொட்டலில் கல்லாகிப்போன எலும்புகள் கிடைக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை பொதுமக்களும் வந்து தோண்டலாம், தொப்பியும் தண்ணீரும் கொண்டுவரவும். என் மனைவியின் தம்பி முருகேசன், செல்லூரில் விசைத்தறி போட்டிருக்கிறவன், அது டைனோசர்தான் என்று தானாகவே முடிவு கட்டி என்னையும் இழுத்துக்கொண்டு போனான்.

பொறுப்பாளர் செல்வராணி மேடம் முதலிலேயே சொல்லிவிட்டார். "டைனோசர்லாம் இந்த மண்ணுல கிடைக்காதுங்க. ரொம்பப் பழைய காலத்து மாடு, மான் இப்படித்தான் வரும்."

"மாட்டைப் பாக்கவா மச்சான் இம்புட்டுத் தூரம் வந்தோம்? எங்க தெருவுல அம்புட்டும் மாடுதான். வண்டிக்கே வழி விட மாட்டேங்குது" என்றான் முருகேசன்.

என் கையெழுத்தைப் பார்த்த மேடம் பதிவேட்டை என்னிடமே கொடுத்துவிட்டார். குழியைச் சுற்றி முளையடித்துக் கயிறு கட்டியிருக்கும். எலும்பு தென்பட்டால் உடனே தூக்கக் கூடாது. கயிற்றிலிருந்து அளந்து எழுத வேண்டும், படம் வரைய வேண்டும், மறுபடி அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒத்துப்போனால்தான் எடுக்கலாம். மாலை நாலு மணிக்கு மேலதிகாரி வருகிறார் என்பதையும் மேடம் மெதுவாகச் சொன்னார். பொதுமக்களை விட்டால் எலும்பை நகர்த்திவிடுவார்கள் என்று ஆரம்பத்திலிருந்தே எதிர்ப்பவராம். அப்படி ஒன்று நகர்ந்தது தெரிந்தால் போதும், அன்றோடு இழுத்து மூடிவிடுவார். மேடம் மூன்று வருஷம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி வாங்கிய அனுமதி அது.

காலை 10.40க்கு ஒரு தொடை எலும்பு தென்பட்டது. முழ நீளம், பாதி வெளியே, பாதி கெட்டி மண்ணுக்குள். கிழக்குக் கயிற்றிலிருந்து 48 சென்டிமீட்டர். டேப்பின் மறுமுனையை முருகேசன் பிடித்திருந்தான்.

எல்லோரும் புளியோதரை சாப்பிட்டுவிட்டு வந்தோம். 1.35க்கு மேடம் அளந்தார். 61.

"அண்ணே, டேப்பை மாத்திப் பிடிச்சிட்டீங்களா?"

என்னைப் பார்த்து இப்படிக் கேட்டவர் உலகத்தில் வேறு யாரும் கிடையாது. முளைகளை ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. வேறு டேப் கொண்டுவந்தேன். 61. எலும்பைச் சுற்றி ஒரு விரிசல் இல்லை. பழைய இடத்தில் பள்ளமும் இல்லை, மண் காலம் காலமாக இறுகிக் கிடந்ததுபோலக் கிடந்தது.

நகர்ந்தபோது யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, எனவே பார்த்துக்கொண்டே இருப்போம் என்றேன். படம் வரைய மேடத்துக்கு நாற்பது நிமிஷம் வேண்டும். எட்டுப் பேர், ஆளுக்கு ஐந்து நிமிஷம், எலும்பை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. பட்டியல் எழுதி முளையில் குத்திவைத்தேன். 2.30க்குத் தொடங்கினோம். வில்லாபுரத்திலிருந்து வந்த டீச்சர் ஒருவர், பரீட்சை ஹாலில் பிட்டு வைத்திருப்பவனைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார்.

பக்கத்து நிலத்துக்காரர் பாண்டியம்மாள் வரப்பில் நின்று சிரித்தார். "என்னய்யா, பொண்ணு பாக்க வந்த மாதிரி சுத்தி நின்னு மொறைக்கிறீங்க? அது கூச்சப்பட்டு எந்திரிச்சுப் போகாம என்ன செய்யும்?"

முப்பத்தைந்து நிமிஷம் 61இலேயே இருந்தது. கடைசி ஆள் முருகேசன். அவன் முறையில்தானா செல்லூரிலிருந்து போன் வர வேண்டும்? தறியில் நூல் அறுந்துவிட்டதாம். "அறுந்தா முடிச்சுப் போடுறா! நான் இங்க எலும்பைப் பாத்துக்கிட்டு இருக்கேன்ல!" என்று கத்தியவன், கத்தும்போது எங்கள் பக்கம் திரும்பிவிட்டான், நாங்களும் அவனைப் பார்த்துவிட்டோம். நாலு விநாடி இருக்கும். மேடம் கையிலிருந்து பென்சில் விழுந்தது.

அளந்தேன். 74.

"நான் ஒண்ணும் பண்ணல மச்சான், சத்தியமா!"

"ஒண்ணும் பண்ணாம இருந்ததுதான் மாப்ள தப்பு."

இரண்டு தடவையும் பதின்மூன்று. ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருந்திருந்தால்கூட என் மனசு ஆறியிருக்கும்.

நாலு மணிக்கு வர வேண்டிய ஜீப் மூன்றரைக்கே வந்துவிட்டது. மேடம் முகத்தில் ரத்தமே இல்லை. எலும்பு நகர்ந்தது என்றால் தோண்டல் போகும், அளவு தப்பு என்றால் அளந்தவன் மட்டும் போவான். பதிவேட்டில் ஒரு பொய்கூட எழுதாத நான், 48, 61 இரண்டையும் அடித்து, பக்கத்தில் 'அளந்தவர் பிழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மேலதிகாரி பதிவேட்டை நெடுநேரம் பார்த்தார். "லேப்ல இருக்கீங்கன்னாங்க?"

"ஆமா சார்."

"கணக்கா பதிமூணு பதிமூணா வித்தியாசம் வர்ற மாதிரித் தப்பா அளந்தீங்களாக்கும்?"

அவர் பச்சைப் பேனாவை எடுத்து என் 'அளந்தவர் பிழை'யை அடித்தார். பிறகு, பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலில், "இதுவும் மேற்காலதானா?" என்றார்.

தலையாட்டினேன். அடுத்த ஞாயிறும் தோண்டலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேடம் அழுதுவிட்டார்.

எலும்பைச் சுற்றியிருந்த மண்ணோடு பெயர்த்து, துணி சுற்றி, மரப்பெட்டியில் வைத்தார்கள். "மேற்குப் பக்கம் மட்டும் பஞ்சை ரெண்டு மடங்கா வைங்கப்பா" என்றார் மேலதிகாரி, டீயில் சர்க்கரை குறைக்கச் சொல்வதுபோல.

முருகேசனுக்குச் சும்மா இருக்க முடியாது. "வண்டி திரும்புனா மேற்கு மாறிருமே சார்?"

"அதுக்குத்தான் நான் பின்னால உக்காந்து வாரேன்."

அப்படியே பெட்டியோடு பின்னால் ஏறி உட்கார்ந்தார். இறங்கிப் போகப் பார்க்கும் குழந்தையைப் பிடிப்பதுபோல் பெட்டியின் மேற்குப் பக்கத்தில் உள்ளங்கையை அழுத்தி வைத்திருந்தார். ஜீப் கண்மாய்க்கரை வளைவில் திரும்பியது. அவர் குனிந்து பார்க்கவில்லை, நாலு பக்கமும் திரும்பித் திசை பார்க்கவில்லை. டிரைவரிடம் பேசிக்கொண்டே கையை எடுத்து அடுத்த பக்கத்தில் வைத்தார். அது பழகின கை. இன்றைக்கும் டைரியில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் என்னைத் தொந்தரவு செய்வது எலும்பு அல்ல, அந்தக் கைதான்.