கைச் சவருக்கு ஓர் உயரம்

பக்கவாதத்தில் வலக்கை வழங்காமல் போன அப்பாவை நான்தான் குளிப்பாட்டி வந்தேன். இனி அவர் தானே குளிக்கட்டும் என்று, எங்கள் ஊர்ச் சுண்ணாம்புத் தண்ணீரில் துளைகள் அடைபடாததாகத் தேடித் தேடி, கையில் பிடித்துத் தண்ணீர் தூவும் கைச் சவர் ஒன்று வாங்கினேன். அதை மாட்டக் கொக்கி பூட்ட வந்த குழாய் வேலைக்காரருக்கு என் தோளுயரத்தில் இடம் காட்டினேன்.

அவரோ அப்பாவின் குளியல் நாற்காலியில் அமர்ந்து, கண்ணை மூடி, இடக்கையால் சுவரைத் தடவினார்.

"என்ன அண்ணை செய்யிறியள்?"

"கண்ணுக்கை சவுக்காரம் போனா ஐயா எங்கை தேடுவார் எண்டு பாக்கிறன். நீங்கள் காட்டினது உங்கடை வசதிக்கு."

கை பட்ட இடத்திலேயே கொக்கியைப் பூட்டினார்.

மறுநாள் அப்பா தனியே குளித்தார். கதவருகே நின்ற என்னை விரட்டினார்: "போடா, நான் குளிக்கேக்கை எட்டிப் பாக்க உனக்கென்ன விடுப்பு?"

நான் குளிப்பாட்டிய அத்தனை மாதமும் அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும் என்பதை அப்போதுதான் யோசித்தேன்.