ஷட்டவுன் அன்னைக்குக் கேட்ட பாட்டு

இன்னைக்கு அருப்புக்கோட்டையில மாசாந்திரக் கரண்டு ஷட்டவுன். விசைத்தறி எல்லாம் நின்னுருச்சு. என் காதுல ஹெட்செட்டு மட்டும் பாடிக்கிட்டு இருந்துச்சு.

அப்பத்தான் தெரிஞ்சுது, பாட்டு தகர டப்பாவுக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்குன்னு. மூணு வருசமா தறிச் சத்தத்துக்குள்ள இதைத்தான் ரசிச்சிருக்கேன்!

போன்ல இடம் பத்தணும்னு எல்லாப் பாட்டையும் 64 கேபிபிஎஸ்ஸுக்குச் சுருக்கி வச்சது நான்தான். விடுவேனா? அம்புட்டையும் அழிச்சிட்டு, நல்ல தரமா 320ல திரும்ப இறக்க ஆரம்பிச்சேன்.

பக்கத்துத் தறி ஓட்டுற மாரிப்பய சிரிச்சான். "ஏலே, தறி ஓடுனா ரெண்டும் ஒண்ணுதானே?"

"பாட்டுக்குன்னு ஒரு மரியாதை இருக்குலே."

எல்லாம் இறங்கி முடிய சாயங்காலம் நாலு மணி ஆயிருச்சு. முதல் பாட்டைப் போட்டேன். தபேலாவுல விரல் உரசுறதுகூடக் கேட்டுச்சு. கண்ணை மூடுனேன்.

பல்லவி முடியல, கரண்டு வந்துருச்சு. முப்பது தறியும் ஒண்ணா ஓட ஆரம்பிச்சிருச்சு.

அடுத்த ஷட்டவுன் என்னைக்குன்னு தெரிஞ்சவுக சொல்லுங்க.