ஒன்பதாவது கேள்வி

பெரியப்பா செய்த படகில் எல்லாம் இருந்தது, ஒரு மூடியைத் தவிர. முழங்கை நீளப் படகு. பூவரசங்கட்டையில் அடிப்பாகம், மண்ணெண்ணெய்த் தகரத்தில் மேல்தளம், சைக்கிள் கம்பியை வளைத்துச் சுற்றிலும் கைப்பிடி. நடுவில், என்ஜின் அறைக்குள் இறங்கும் சதுர வாய் மட்டும் திறந்தே கிடந்தது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் உள்ளிருந்து யாரோ அண்ணாந்து பார்ப்பதுபோல் இருக்கும் எனக்கு.

பெரியப்பா அப்பாவின் அண்ணன். ஊர் ஊராகப் போய் டீசல் பம்புசெட் பழுது பார்ப்பவர். உலகப்போரில் பர்மாப் பக்கத்து ஓடைகளில் அரிசியும் காயம்பட்டவர்களையும் ஏற்றிப்போன ராணுவப் படகொன்றில் வேலை செய்தார்; இப்போது செய்துகொண்டிருந்தது அந்தப் படகின் மாதிரி. எங்கள் தெருவிலிருந்தே அவரோடு போன இன்னொருவர் அந்தப் படகில் என்ஜின் பார்த்தார். அவர் திரும்பவில்லை. படகு தீப்பிடித்தது, அவன் தண்ணீரில் குதித்தான், அப்புறம் பார்க்கவில்லை என்று பெரியப்பா வந்து சொன்னாராம். பட்டாளத்துத் தாளிலும் காணவில்லை என்றுதான் இருந்தது. காணாமல் போனவரின் மனைவியை நான் அத்தை என்று கூப்பிடுவேன். வாய்க்காலிலேயே வளர்ந்த ஆள் நீந்திக் கரையேறாமல் இருப்பாரா என்பது அத்தையின் கட்சி. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் தாலியைக் கழற்றவில்லை. "எவளாவது பர்மாக்காரி சோறாக்கிப் போட்டுக்கிட்டிருப்பா. போடட்டும், ஆளு உசிரோட இருந்தா சரி" என்று சிரிப்பாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண்ணும் நான்தான். அதை அடக்கமாக வைத்துக்கொள்ளும் குணம் எனக்கு அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. படகுக்கான விவரம் தேடும் வேலையைப் பெரியப்பா என்னிடம் கொடுத்தபோது கொடி பிடித்ததுபோல் எடுத்துக்கொண்டேன். தஞ்சாவூர் நூலகத்தில் போர்ப் புத்தகங்களைப் புரட்டி, ஒரு படத்தைத் தாளில் வரைந்துகொண்டு ஓடி வந்தேன். ஒரு பார்வைதான் பார்த்தார். "இது கடல்ல ஓடுறது பாப்பா. நம்மளது ஓடையில போற படகு, அடி தட்டையா இருக்கும்" என்று திருப்பித் தந்துவிட்டார். அவரிடம் இருந்த அளவெல்லாம் உடம்பில் இருந்தன. தளம் அவர் நடையில் பத்தொன்பது எட்டு. கைப்பிடி இடுப்பெலும்புக்கு இரண்டு விரல் கீழே. மூடியின் அளவுகூடத் தெரியும், ஒரு சாண் கூட்டிய முழம். ஆனாலும் அதை மட்டும் செய்யவில்லை.

பட்டாள அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டோம், பதிலே இல்லை. கடைசியில் நாகப்பட்டினம் துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவர் சீமையிலுள்ள ஒரு காட்சிசாலையின் முகவரியைக் கொடுத்தார். பெரியப்பா பதினோரு கேள்விகள் சொன்னார். கயிறு கட்டும் கட்டை எத்தனை, விளக்கு எந்தப் பக்கம், சாயம் என்ன நிறம். ஒன்பதாவதாக, என்ஜின் அறை மூடிக்கு உள்ளேயும் தாழ் உண்டா என்று கேட்டார். மற்றதைக் கேட்ட அதே குரல்தான். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு இங்கிலீசில் எழுதினேன். படகின் எண்ணையும் சேர்க்கச் சொன்னார்.

பதில் தை மாதத்தில் வந்தது. புது ஆட்சி கூலிச் சட்டத்தைப் பற்றி ரேடியோவில் பேசிக்கொண்டிருந்த காலம். எங்கள் ஊரில் கூலி நெல் கூட்டிக் கேட்டு அறுவடையை நிறுத்தியிருந்தார்கள். விளைந்த கதிர் வயலில் சாய்ந்து கிடக்க, ரோட்டில் போலீஸ் வேன் நிற்க, பொழுது ஏறிய பிறகும் தெரு முழுக்கச் சங்கக் கொடிக்கம்பத்தடியில் உட்கார்ந்திருந்தது. யாருக்குக் கடிதம் வந்தாலும் அங்கேதான் உரக்கப் படிப்போம். எழுத்துத் தெரியாத தெருவில் ரகசியக் கடிதம் என்று ஒன்று கிடையாது.

"வெள்ளக்காரனே பதிலு போட்டுட்டான். நம்ம மனுவுக்குப் பண்ணையாரு இன்னும் வாயத் தொறக்கல பாரு" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்து நின்று, ஒவ்வொரு பதிலையும் முதலில் இங்கிலீசிலும் பிறகு தமிழிலும் படித்தேன். எட்டாவது முடிந்ததும் பெரியப்பா, "போதும் பாப்பா. மிச்சத்த வூட்ல போயிப் பாத்துக்குவோம்" என்றார்.

"இன்னும் மூணுதான் பெரியப்பா" என்று நான் தொடர்ந்தேன்.

மூடியின் தாழ் வெளிப்புறத்தில் மட்டுமே. உள்ளிருந்து திறக்க வழி கிடையாது. ஆட்கள் உள்ளே மாட்டிக்கொண்டதால் பின்னால் கட்டிய படகுகளில் உள்ளேயும் ஒரு பிடி வைத்தார்கள். நீங்கள் குறிப்பிடும் படகு முதலில் கட்டியவற்றுள் ஒன்று.

பெரியப்பா தரையில் கையை ஊன்றிக்கொண்டார். நான் பத்தாவதைத் தொடங்கிவிட்டிருந்தேன். அத்தைதான் கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள்.

"அண்ணே, அந்த மூடிய எதுக்குக் கேட்டீங்க?"

"நாந்தான் மூடுனேன், தங்கச்சி. தீ பரவாம மூடச் சொல்லிக் கத்துனாங்க. தாழப் போட்டுட்டேன். அவன் உள்ளேருந்து தொறந்துக்கிட்டு வந்துருவான்னு நெனச்சேன்."

"அப்ப அவரு குதிக்கலையா?"

"இல்ல."

 அத்தை சேலையை உதறிக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கடிதத்தில் இன்னும் இரண்டு பதில்கள் மிச்சமிருந்தன. அவற்றை இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

மறுநாளே பெரியப்பா மூடியைச் செய்துவிட்டார். வெளியே தாழ், உள்ளே ஒன்றுமில்லை, கடிதத்தில் இருந்தபடியே. அதற்குப் பிறகு அந்தப் படகை அவர் தொடவில்லை. நாலு வருடத்தில் இறந்தும் போனார்.

அத்தை ஒரு வாரம் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. சுற்றமில்லை, சடங்கில்லை, தானே கழற்றியிருக்கிறாள். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"உள்ளேயும் பிடி இருந்துச்சுன்னு மாத்திப் படிச்சிருக்கலாமே பாப்பா. அங்க உன்ன வுட்டா யாருக்கு இங்கிலீசு தெரியும்?"

எனக்கு அது தோன்றவே இல்லை. சரியாகப் படிப்பது ஒன்றுதான் தெரிந்திருந்தது. அவள் சொன்னபடி செய்திருந்தால் பெரியப்பா நிம்மதியாகப் போயிருப்பார். அத்தை இன்னும் காத்திருப்பாள். எது சரி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இப்போது பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். அக்கம்பக்கத்தவர்கள் கோர்ட்டுத் தாளையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். நான் முதலில் மனசுக்குள் படித்துப் பார்க்கிறேன். அந்தக் கொஞ்ச நேரம் அவர்கள் தாளைப் பார்ப்பதில்லை, என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். இதுவரை எதையும் மாற்றிப் படித்ததில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் வாயைத் திறப்பதற்கு முன் யோசிக்கிறேன்.