வாயைத் திறக்காத ஒருவரை அனுப்பும்

என் வீட்டுக்காரருக்குப் பிசாசு பிடித்திருக்கிறது என்று சபையில் ஒருவர் பாக்கியில்லாமல் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கே அந்தச் செய்தி வந்தது.

பிசாசும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவருக்கு வந்தது மனச்சோர்வு. பல வருடம் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். கம்பெனியை மூடிவிட்டார்கள். போன வருடம் பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் இரண்டு பெட்டியோடு காரைக்குடிக்கு வந்து சேர்ந்தார். முதலில் கலகலப்பாகத்தான் இருந்தார். பிறகு பேச்சு குறைந்தது. குளிப்பது நின்றது. பகலெல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பார். நான் தையல் மிஷினை ஓட்டினால் காதைப் பொத்திக்கொள்வார். ஒருநாள், "எஸ்தரு, நான் இருந்து என்ன செய்யப் போறேன், சொல்லு" என்று கேட்டார். அதன்பிறகு அவரைத் தனியாக விட்டுவிட்டுப் பால் வாங்கப் போகக்கூடப் பயந்தேன்.

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார். "இதுவும் ஒரு வியாதிதாம்மா. சரியாகிரும். நிறுத்தாமக் குடுங்க" என்றார். இவரோ மாத்திரையை வாயில் வாங்கித் துப்பினார். டாக்டரம்மாவிடமும் பேசவில்லை, என்னிடமும் பேசவில்லை.

அதற்குள் எங்கள் சபையும் மாறிப் போயிருந்தது. பழைய ஆயர் இருந்தவரை ஜெபக்குறிப்பை அவரிடம் தனியாகச் சொல்வோம். அவர் மனதில் வைத்துக்கொள்வார், அத்தோடு சரி. அவர் மாற்றலாகிப் போனார். இப்போது பெரிய திரை, காதைப் பிளக்கும் ஸ்பீக்கர், பெண்கள் ஐக்கியத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப். நம் ஆட்கள்தானே என்று நம்பி, "என் கணவரின் மனச்சோர்வு நீங்க ஜெபியுங்கள், வெளியே சொல்ல வேண்டாம்" என்று அதில் போட்டேன். வரிசையாகக் கைகூப்பும் படம் வந்து விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்தி பக்கத்து ஊர் கண்டனூர் வரை போய்விட்டது. எங்கள் ஆட்களுக்குப் புறணி பேசக் கூச்சம். அதனால் "ஜெபத்துக்காகத்தான் சொல்றேன்" என்று ஆரம்பித்துவிட்டு எதை வேண்டுமானாலும் சொல்வார்கள். மனச்சோர்வு ஒரு வாயில் பைத்தியமாகி, அடுத்த வாயில் பிசாசாகிவிட்டது. மீன் கடையில் ஒரு அக்கா, செதிள் ஒட்டிய கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க மாமியா வீட்டுல யாரும் செய்வினை வச்சிருக்காகளா? ஜெபத்துல நெனச்சுக்கத்தான் கேக்குறேன்" என்றார். சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

அதோடு விட்டார்களா? ஒரு வெள்ளிக்கிழமை ஐக்கியத்தின் தலைவியம்மா, சொல்லாமல் கொள்ளாமல் ஓர் ஊழியக்காரரை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார். வெளியூர்க்காரர். உடம்பெல்லாம் சென்ட், கையில் எண்ணெய் பாட்டில். பின்னால் ஒருவன் போனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டே வந்தான். அந்த மனிதர் நேரே உள்ளே போய், படுத்திருந்த இவருடைய தலைமுடியைப் பிடித்து உலுக்கி, "போ வெளியே!" என்று கத்தினார். தலையில் கவிழ்த்த எண்ணெய் கண்ணில் வழிந்தது. இவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தலைவியம்மா கண்ணை மூடி அல்லேலூயா சொல்லிக்கொண்டிருந்தார்.

"கையை எடுங்கய்யா! மனுசன் ஒடம்பு சரியில்லாமக் கெடக்காரு. படம் புடிக்க ஒங்களுக்கு வேற ஆளே கெடைக்கலையா?" என்று அலறினேன்.

அவர் அசரவில்லை. "ஒங்களுக்கு விசுவாசம் பத்தலைம்மா. மொதல்ல மாத்திரையை நிறுத்துங்க" என்றார். பாட்டிலைப் பிடுங்கி வாசலில் எறிந்தேன். எல்லாரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

சீயக்காய் போட்டு இவர் தலையை அலசி விட்டேன். எத்தனை தடவை அலசியும் அந்த வாசனை போகவில்லை. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு ஆண்டவர் பெயரைச் சொல்ல வாயெடுத்தாலே அந்த வாசனைதான் வந்தது. கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். ஜெபமும் நின்றது. ஆண்டவருடைய பிள்ளைகளே இப்படியென்றால் அவர் மட்டும் எப்படி இருப்பார் என்று தோன்ற ஆரம்பித்தது. பிறந்ததிலிருந்து அவரைத் தவிர வேறு துணை அறியாதவள் நான். வீட்டுக்காரரோடு ஆண்டவரையும் இழந்துவிட்டால் எங்கே போய் நிற்பேன்?

ஒரு மத்தியானம் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தபோது கோபத்தில்தான் கேட்டேன். "ஆண்டவரே, உம்ம பிள்ளைகளக் கண்டாலே எனக்கு வாந்தி வருது. நீர் இருக்கிறது நெசம்னா, வாயத் தொறக்காத ஒரே ஒரு ஆள அனுப்பும்." ஆமென்கூடச் சொல்லவில்லை.

மறுவாரம் வாசலில் வந்து நின்றவர் புஷ்பம் அக்கா. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்கள் சபையிலேயே பெரிய வாய் அவருடையதுதான். அமராவதிபுதூரில் பஸ் ஏறினால் காரைக்குடி வருவதற்குள் கண்டக்டரின் குடும்பக் கதை முழுவதையும் வாங்கிவிடுவார். நான் கதவைச் சாத்தப் போனேன். கூட வந்திருந்த அவர் மகள் தடுத்தாள்.

"சித்தி, அம்மாவுக்குத் தொண்டையில கட்டி எடுத்திருக்கு. டாக்டர் சொல்ற வரைக்கும் பேசவே கூடாதாம். ஒங்க வீட்டுக்குத்தான் போகணும்னு கையக் காட்டி ஒத்தக்கால்ல நிக்கிறாக."

அக்கா உள்ளே வந்தார். கட்டிலுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கூடையிலிருந்த சின்ன வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்தார். ஜெபம் இல்லை, புத்திமதி இல்லை. மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். பேச வாய் துறுதுறுக்கும், உதட்டைக் கடித்துக்கொள்வார். பார்க்கவே பாவமாக இருக்கும்.

ஒருநாள் நான் தைத்த சட்டைக்குப் பொத்தான் மாட்டும் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே இவருடைய குரல் கேட்டது. "அக்கா, எங்கூட வேலை பாத்த பயலுக எல்லாம்..." என்று தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. எதிரே இருப்பவர் பதில் சொல்லப் போவதில்லை, பிரசங்கம் பண்ணப் போவதில்லை. அந்தத் தைரியத்தில் பேசினார். பேசிப் பேசி அழுதார். நான் அடுப்படிக்குப் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அன்று சாயங்காலம் மாத்திரையை அவரே கேட்டு வாங்கி விழுங்கினார். ஸ்தோத்திரம் என்ற வார்த்தை நெடுநாளைக்குப் பிறகு என் வாயில் வந்தது.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. மாதக்கணக்கில் ஆனது. டாக்டரம்மாவிடம் வாய் திறந்து பேசினார். இப்போது ஒரு ஹார்டுவேர் கடையில் வேலைக்குப் போகிறார். சில நாள் இன்னும் மனம் இருட்டிக்கொண்டு வரும். வந்தால், "எஸ்தரு, இன்னைக்கு முடியல" என்று சொல்லிவிடுகிறார். எனக்கு அதுவே அற்புதம்.

அக்காவுக்கும் குரல் திரும்பியது. நான் மறுபடி கோயிலுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் தலைவியம்மாவும் நாலைந்து பேரும் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். "அந்தத் தம்பி ஒங்ககிட்ட என்னதான் சொன்னாரு? ஜெபிக்கத்தான் கேக்குறோம்." இவர் என்னிடம் சொல்லாததுகூட அக்காவுக்குத் தெரியும்.

அக்கா அவர்களை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்குத் தொண்டை இன்னும் ஆறல தாயி" என்றார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, தக்காளி விலையையும் தன் சம்பந்தியம்மாவின் குணத்தையும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் விடாமல் பேசிக்கொண்டே வந்தார்.

பிரியமானவர்களே, என் அருவருப்பு முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். தலைவியம்மாவைப் பார்த்தால் இன்னும் எனக்குக் குமட்டும். ஆனால் அவர்களை வைத்து ஆண்டவரை எடை போடுவதை விட்டுவிட்டேன். வேலை போனது, ஆயர் போனார், சபையின் முகமே மாறிப் போனது. நான் திட்டிக்கொண்டே கேட்டதையும் காது கொடுத்துக் கேட்டவர் மட்டும் மாறவில்லை. உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படிச் சுருண்டு கிடந்தால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஆண்டவரிடம் சொல்லுங்கள். நல்ல வார்த்தை வராவிட்டால் வருகிற வார்த்தையில் சொல்லுங்கள். அவரிடம் சொன்னது ஊருக்குள் வராது.