மலை ஏறாத அரிசி

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்களில் நான் கள்ளக்குறிச்சியில் ரேஷன் அரிசி அனுப்பும் ஓர் அரசு அலுவலகத்தில் தற்காலிகத் தட்டச்சராக இருந்தேன். கல்வராயன் மலையின் ரேஷன் கடைகளுக்கு இரண்டு மாதமாக அரிசி போகவில்லை. ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் அதைக் கீழேயே ஓர் அரிசி ஆலைக்குத் திருப்பிவிட்டார் என்று பத்திரிகையில் செய்தி வந்தது. விசாரிக்கச் சென்னையிலிருந்து அதிகாரி வருவதாகச் சொன்னார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வாரம் மறியல் நடந்து, சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். என் மேலதிகாரி அதைப் பிடித்துக்கொண்டார். அரிசி லாரிகள் அந்த வாரம்தான் கிளம்பின, மறியல்காரர்கள் மடக்கிக் கொள்ளையடித்துவிட்டார்கள் என்று பழைய அறிக்கையை மாற்றிப் புதிதாக ஒன்று எழுதித் தந்தார். அதில் மூன்று பேரின் பெயர்கள். ஒருவர் எங்கள் தெருக்காரர், கரும்பு டிராக்டர் ஓட்டுபவர். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். மறியலில் உட்கார்ந்தவர்தான். ஆனால் அந்த அரிசியை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

"சார், மலை ரோட்டுல மரமே வெட்டலீங்களே?"

"உனக்கு இன்னாம்மா அது? வேலை பர்மனென்ட் ஆவணுமா வேணாமா? டைப் அடி."

அடித்தேன். நான்கு பிரதிகள், ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல்.

விசாரணை நாளில் மலையிலிருந்து ஓர் அம்மா நடந்தே இறங்கி வந்திருந்தார். "லாரி வரவே இல்லீங்க. ரெண்டு மாசமா கெழங்க வேவவச்சித் தின்னுகினு கெடந்தோம்" என்றார். அந்த அம்மாவுக்குத் தேதி சரியாகத் தெரியவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள்.

"அறிக்கையை யாராவது மாத்தச் சொன்னாங்களா?"

"இல்லீங்க சார்."

இரண்டே வார்த்தை. அந்த அம்மா வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்சிக்காரர் மேல் தவறில்லை என்று அரசு அறிவித்தது. அண்ணன் எட்டு மாதம் சிறையில் இருந்தார். எனக்கு வேலை நிரந்தரமானது.

விடுதலையாகி வந்தவர் ஒருநாள் சங்கராபுரம் பஸ்ஸில் எனக்கு இடம் விட்டு எழுந்து நின்றார். "உக்காரும்மா. ஆபீஸ்ல வேல ஜாஸ்தியா?" என்றார். அந்த அறிக்கையை அடித்தது யார் என்று அவருக்குத் தெரியாது. சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. ஊர் வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அதன்பின் அவர் இருபது வருஷம் உயிரோடு இருந்தார், வீடு மாறி அடுத்த தெருவுக்குக்கூடப் போகவில்லை. நான்தான் சொல்லவில்லை.