வேலிக்கு வெளியே

அவுஸ்திரேலியாவில், மெல்பேணுக்குத் தெற்கே, விடுமுறைக்காரர்கள் வந்து குவியும் கடற்கரை ஊர் ஒன்றில், உள்ளூராட்சிக் கவுன்சிலுக்குச் சொந்தமான கோல்ஃப் மைதானத்தில் குகநேசன் வெகுகாலமாகப் புல்வெட்டும் வண்டி ஓட்டிவந்தார்.

மனைவி இரஞ்சிதத்துக்கு மறதி நோய் வந்தபின், வேலை முடிந்ததும் அவளை அங்கே நடக்கக் கூட்டிவருவார். வீட்டில் அவரை யாரோ அந்நியர்போலப் பார்ப்பவள், அந்தப் புல்லில் கால் வைத்ததும் அவர் கையைப் பற்றிக்கொள்வாள்.

"இஞ்சையப்பா, வெய்யிலுக்கை நிண்டு கறுத்துப்போனியள்" என்பாள், கணவனிடம் பேசும் பழைய உரிமையோடு.

அதைக் கேட்கத்தான் அவர் பகல் முழுவதும் காத்திருப்பார்.

போன கோடையில், நாடெங்கும் மைதானங்களை வாங்கிக்கொண்டிருந்த ஒரு நிறுவனம் அதையும் வாங்கியது. சுற்றிவர வேலி எழுந்தது. அங்கத்தவர் அல்லாதவர்கள் உள்ளே வரக்கூடாது என்றார்கள். குகநேசனின் வேலை பறிபோகவில்லை. மனைவியைச் சற்று நேரம் நடக்கவிடும்படி புது மேலாளரிடம் கெஞ்சிப்பார்த்தார். அந்தப் பெண் கண்கலங்கினாள். ஆனால் தன் கையில் எதுவும் இல்லை என்றுவிட்டாள். இரஞ்சிதம் இல்லாத புல்லில் நிற்க மனம் வராமல் அவர் வேலையை விட்டார்.

அதற்குப் பிறகும் அவளை அங்கேதான் கூட்டிப்போனார். ஒரு மாலை, வேலிக் கம்பியைப் பிடித்து நின்றவள், தூரத்தில் ஓடிய புல்வெட்டும் வண்டியைக் காட்டினாள்.

"ஐயா, அதிலை இருக்கிறது என்ர மனுசன். நான் அவரோடை போறன், நீங்கள் போங்கோ."

குகநேசனும் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஓம் அம்மா. அவர் வருமட்டும் நான் துணைக்கு நிக்கிறன்" என்றார்.